பாடம் 6: வேரும் மூச்சுவிடும்

(கடிதம்)

கேரள மாநிலம் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி அமைந்துள்ள ஊர் வேலந்தாவளம். அங்கு வாழும் தாத்தா ஒருவர், தில்லியில் பயிலும் தம் பேத்திக்கு எழுதிய கடிதமே இப்பாடம்.

வேலந்தாவளம்,
18.8.2024

அன்புள்ள அம்மணிக்கு,

உன் அப்பாரு எழுதுவது. இங்கு யாவரும் நலம். உங்கள் நலம் அறிய ஆவல்.

உன் கடிதம் கிடைத்தது. தமிழைப் பிழையின்றி எழுதியிருந்தாய், மகிழ்ந்தேன். ஆனால் அதிலிருந்த செய்தி வருத்தம் தந்தது. கோடை விடுமுறையில் நீ இங்கிருந்து கொண்டுசென்ற கறிவேப்பிலைக் கன்று வாடுகிறது. இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன. காலையும் மாலையும் தவறாமல் நீர் ஊற்றியும் அது தலைநிமிரவில்லை என்று எழுதியிருந்தாய்.

அக்கன்று, உன் அப்பத்தா கிணற்றடியில் நட்டு வளர்த்த மரத்தின் வேரிலிருந்து முளைத்தது. சுற்றுச்சுவர் கட்டியபோது அம்மரத்தை அகற்ற நேர்ந்தது. அதன் வழியில் இன்று எஞ்சியிருப்பது உன் தொட்டியில் உள்ள கன்று ஒன்றே. ஆதலால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நீ நீர் ஊற்ற மறந்ததால் செடி வாடவில்லை. மிகுதியாக ஊற்றியதால்தான் வாடுகிறது. இதில் பாதிப் பிழை என்னுடையது. "நம் ஊர் மண்ணோடே வேண்டும்" என்று நீ கேட்டாய். நானும் தோட்டத்துக் கரிசல் மண்ணை அள்ளி, பழைய வாளி ஒன்றில் நிரப்பித் தந்தேன். அதன் அடியில் துளையிடவும் மறந்துவிட்டேன்.

கேரளத்தின் பெரும்பகுதியில் செம்மண் சார்ந்த மண்வகைகளே உள்ளன. நம் சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பகுதியிலோ கரிசல் மண் உள்ளது. அது நனைந்தால் உப்பும். காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். குடித்த நீரை எளிதில் விடாது. இங்கே பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்று மண்ணின் ஈரத்தை உலர்த்திவிடுகிறது. வெயிலும் மிகுதி. ஆகவே இம்மண் நீரைப் பிடித்து வைத்திருப்பது நமக்கு நன்மை. துளையில்லாத வாளிக்குள் அதே குணம் தீமையாயிற்று. தில்லியில் இப்போது மழைக்காலம் வேறு!

வேரும் மூச்சுவிடும் என்பதை நினைவில் கொள். மண் துகள்களுக்கு இடையே சிறு இடைவெளிகள் உண்டு. அங்குள்ள காற்றிலிருந்தே வேர் உயிர்வளியைப் பெறுகிறது. அவ்விடைவெளிகள் முழுதும் நீரால் நிரம்பினால் வேர் திணறி இறக்கும். பின்னர்ப் பூஞ்சை பற்றி அழுகும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச இயலாது. எனவே நீரில் மூழ்கிய செடியும், நீரின்றித் தவிக்கும் செடியைப் போலவே வாடி நிற்கும். அதைக் கண்டு நாம் மேலும் நீர் ஊற்றுகிறோம். செடி மேலும் நலிகிறது.

இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிவது எப்படி? மண்ணுக்குள் விரலை இரண்டு கணு ஆழம் நுழைத்துப் பார். மண் உலர்ந்து, தொட்டியின் ஓரத்தை விட்டு விலகி, இலைகள் மொரமொரப்பாக இருந்தால் அது தாகம். மண் சேறாக இருந்து, இலைகள் மென்மையாக மஞ்சள் நிறம் கொண்டு, கெட்ட நாற்றமும் வந்தால் அது வேரழுகல்.

பின்னர்த் தண்டின் பட்டையை நகத்தால் மிகச் சிறிதளவு சுரண்டிப் பார். உள்ளே பசுமை தெரிந்தால் செடியில் உயிர் இருக்கிறது. இருக்குமாயின், உன் தந்தையின் துணையோடு பின்வருமாறு செய்:

1. வாளியைச் சாய்த்து, தண்டை இழுக்காமல், மண்கட்டியோடு செடியை வெளியே எடு.
2. ஒட்டியுள்ள கரிசல் மண்ணை நீரில் மெதுவாகக் கரைத்துவிடு.
3. வெளிறிய நிறத்தில் உறுதியாக உள்ள வேர்கள் நல்லவை. கறுத்து, குழைந்து, தொட்டால் தோலுரியும் வேர்களைத் தூய கத்தரிக்கோலால் வெட்டி நீக்கு.
4. வேர் குறைந்ததால் மேற்பகுதியிலும் சில கிளைகளைக் குறை. மிஞ்சிய வேர் தாங்கும் அளவே இலை இருக்க வேண்டும்.
5. அடியில் துளையுள்ள சிறிய மண்தொட்டியை எடு. துளையின் மேல் ஓட்டுச் சில்லு ஒன்றை வை. அங்குள்ள தோட்டமண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு கலந்து நடு.
6. அடித்துளை வழியே வடியும் வரை ஒருமுறை நீர் ஊற்று. பின்பு மேல்மண் ஓர் அங்குலம் உலர்ந்த பிறகே அடுத்த நீர்.
7. பத்து நாள் மழையும் கடும் வெயிலும் படாத, வெளிச்சமுள்ள இடத்தில் வை. அதன்பின் காலை வெயிலைச் சிறிது சிறிதாகக் காட்டு. புதுத்துளிர் வரும்வரை வேறு உரம் இடாதே.

கரிசல் மண்ணைக் கரைத்துவிடச் சொல்வதால் வருந்தாதே. அது நல்ல மண்தான். ஆனால் அதன் இடம் வயல். வேர் உயிரோடு இருந்தால் செடி தில்லி மண்ணிலும் பிடித்துக்கொள்ளும். அதில் தோன்றும் இலையின் மணம் உன் அப்பத்தாவின் மரத்து மணமாகவே இருக்கும்.

செடி பிழைக்கும் என்று என்னால் உறுதி கூற இயலாது. சில வாரங்கள் பொறுத்திருக்க வேண்டும். அதுவரை நாள்தோறும் நீர் ஊற்றுவதற்கு மாறாக, நாள்தோறும் விரலால் மண்ணைத் தொட்டுப் பார். துளிர் கண்டால் எழுது, காணாவிட்டாலும் எழுது.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அப்பாரு

அருஞ்சொற்பொருள்

அம்மணி – பெண் குழந்தையை அன்போடு அழைக்கும் சொல் (கொங்கு வழக்கு)
அப்பாரு – தந்தையின் தந்தை (கொங்கு வழக்கு)
அப்பத்தா – தந்தையின் தாய்
கரிசல் – கருநிற மண்
கணவாய் – மலைகளுக்கு இடையே உள்ள வழி
உயிர்வளி – ஆக்சிஜன்
துளிர் – இளந்தளிர்

தெரிந்துகொள்வோம்

கறிவேப்பிலையின் அறிவியல் பெயர் முர்ரயா கோனிகி. இப்பெயரின் பிற்பகுதி, தரங்கம்பாடியில் மருத்துவராகப் பணியாற்றிய தாவரவியலாளர் கோனிக் (1728–1785) என்பவரின் நினைவாக அமைந்தது.

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. தாத்தா தம் பிழையாக எவற்றைக் கூறுகிறார்?
2. நீர் மிகுந்தாலும் செடி வாடுவது ஏன்?
3. வேலந்தாவளத்தில் நன்மை தரும் கரிசல் மண், வாளியில் தீமையானது ஏன்?

ஆ. பொருத்துக.
1. உறுதியான வேர் – அ. தாகம்
2. மொரமொரப்பான இலை – ஆ. செடியில் உயிர் உள்ளது
3. சேறான மண், கெட்ட நாற்றம் – இ. நல்ல வேர்
4. பட்டையின் உள்ளே பசுமை – ஈ. வேரழுகல்

இ. பிரித்து எழுதுக.
1. கிணற்றடி 2. செம்மண் 3. வேரழுகல்

ஈ. எழுதுக.
நான்கு வாரங்கள் கழித்துப் பேத்தி தன் தாத்தாவுக்கு என்ன எழுதியிருப்பாள்? அக்கடிதத்தைப் பத்து வரிகளில் எழுதுக.

உ. செய்து பார்க்க.
உங்கள் வீட்டில் அல்லது பள்ளியில் உள்ள தொட்டிச்செடி ஒன்றின் மண்ணை ஏழு நாள் விரலால் தொட்டுப் பாருங்கள். ஈரமா, உலர்வா என்பதை நாள்தோறும் குறித்து, எத்தனை நாளுக்கு ஒருமுறை நீர் தேவை என்பதை வகுப்பில் கூறுங்கள். உங்கள் பாட்டி, தாத்தா பிறந்த ஊரின் மண் எத்தகையது என்பதையும் அவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.