பில் யார் கைக்குப் போகிறது?

உங்களுக்கும் அமெரிக்காவில் ஒரு மைத்துனர் இருப்பார். அவரோடு பார்படாஸ் போனால், உணவகத்தில் பில்லை அவர் கைக்குப் போகவிடாதீர்கள். மற்ற யோசனையெல்லாம் இதற்கப்புறம்தான்.

2024 ஜூனில் டி20 உலகக் கோப்பை இறுதிப் போட்டி பார்க்க இரண்டு தம்பதிகளாகப் போயிருந்தோம். பயண ஏற்பாட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அங்கே விசா வேண்டாம். நியூயார்க் வழியாகப் போனால் அமெரிக்க விசா வேண்டும். போட்டி சனிக்கிழமை. முந்தின நாள் இரவு ஆய்ஸ்டின்ஸ் போகலாம் என்றேன். தெற்குக் கரையில் மீனவர்கள் ஊர் அது. வெள்ளிக்கிழமை ராத்திரி கூட்டம் நெரியும். கண்ணெதிரே மீனைச் சுட்டு, மக்கரோனி பை ஒரு துண்டு வைத்துத் தருவார்கள்.

“என்ன மாமா, இவ்வளவு தூரம் வந்து பெஞ்சுல உக்காந்தா சாப்பிடறது?” என்றார் மைத்துனர். மேற்கே ஹோல்டவுன் பக்கம், அலை வந்து சுவரில் மோதும் உணவகம் ஒன்றில் ஏற்கெனவே மேஜை பிடித்து வைத்திருந்தார். என் மனைவி எப்போதும்போல தம்பி கட்சி.

அப்படிப்பட்ட உணவகத்துக்குப் போனால் முழுக்கால் சட்டையும் காலர் வைத்த சட்டையும் போட்டுக்கொள்ளுங்கள். ராணுவப் பச்சைப் புள்ளி போட்ட துணி வேண்டவே வேண்டாம். அந்த நாட்டில் பொதுமக்கள், குழந்தைகள்கூட, அதை அணிவது சட்டப்படி குற்றம். குழாய்த் தண்ணீரே கேளுங்கள். சுண்ணாம்புப் பாறையில் வடிகட்டி வரும் நல்ல தண்ணீர் அது. மைத்துனர் பாட்டில் தண்ணீர்தான் வரவழைத்தார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சாப்பாட்டில் குறையில்லை. பறக்கும் மீன் குழம்போடு கூ-கூ வந்தது. சோள மாவில் வெண்டைக்காய் போட்டுக் கிண்டிய களி. வெண்டைக்காயைக் களியில் சேர்க்கலாம் என்று நம் ஊரில் யாருக்கும் தோன்றாதது ஏனோ! என் மனைவிக்கு வெள்ளிக்கிழமை சைவம். பருப்பு வகை போட்ட சோறுதானே என்று ‘ரைஸ் அண்ட் பீஸ்’ கேட்டாள். நல்லவேளை, பரிமாறிய பெண்ணே நிறுத்தினாள். உப்புக்கண்டம் போட்ட பன்றி வாலோடு வேகவைப்பதும் உண்டாம். சைவக்காரர்கள் சோற்றைக்கூட விசாரித்துத்தான் வாங்க வேண்டும்.

இனி பில். பார்படாஸுக்குத் தனி டாலர் உண்டு. 1975 முதல் இரண்டு பார்படாஸ் டாலருக்கு ஒரு அமெரிக்க டாலர் என்று கட்டிவைத்த விகிதம், ஏறாது, இறங்காது. கடைகளில் இரண்டையும் வாங்கிக்கொள்வார்கள். அச்சடித்தால் இரண்டுக்கும் ஒரே குறிதான். வங்கியில் அந்நியச் செலாவணிப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். இதெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் தோல் உறையில் பில் வந்ததும் மைத்துனர் பாய்ந்து எடுத்துக்கொண்டார். அடுத்தவர் கையிலிருக்கும் பில்லை எட்டிப் பார்க்கும் பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. 740 என்று போட்டிருந்ததாம். 740 அமெரிக்க டாலரை எண்ணி வைத்தார். அதில் 10 சதவீத சேவைக் கட்டணம் ஏற்கெனவே சேர்ந்திருந்தது. அது தெரியாமல் தன் ஊரான நியூஜெர்சி வழக்கப்படி டிப்ஸ் இன்னொரு 150. டாக்சி காத்திருக்கிறது என்று கிளம்பிவிட்டோம்.

பில் போட்டிருந்தது பார்படாஸ் டாலரில். 370 அமெரிக்க டாலர் சாப்பாட்டுக்கு 890. மறுநாள் காலை அவர் மனைவி கைப்பையில் ரசீதைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. அதற்குள் என் பங்கு 445 டாலரை வாங்கிக்கொண்டிருந்தார். என் தலையில் மட்டும் 260 டாலர், ஏறக்குறைய 22,000 ரூபாய், தண்டம். போன் போட்டுக் கேளுங்கள் என்றேன். “விடுங்க மாமா, மானம் போயிடும்.” யாருடைய மானம் என்று நான் கேட்கவில்லை.

அதனால், உட்காரும்போதே “பார்படாஸ் டாலரா, அமெரிக்க டாலரா?” என்று கேட்டுவிடுங்கள். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். டாக்சிக்கு மீட்டர் கிடையாது. ஏறுமுன் அங்கேயும் இதே கேள்வி. விலை போடாமல் ‘இன்றைய மீன்’ என்று எழுதியிருந்தால் விலையைச் சொல்லச் சொல்லுங்கள். சேவைக் கட்டணம் பில்லில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே டிப்ஸ். ரொக்கமாகக் கொடுப்பதானால் ஏடிஎம்மில் உள்ளூர் நோட்டு எடுத்துக் கொடுப்பதே உத்தமம்.

சனிக்கிழமை இந்தியா 7 ரன்னில் வென்றது. அந்த மகிழ்ச்சியில் நானும் 260 டாலரை மறந்திருப்பேன். ஞாயிறன்று பெரில் புயலுக்காக விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். கோப்பை வென்ற அணியே ஓட்டலில் அடைபட்டுக் கிடந்தது, நாங்கள் எம்மாத்திரம்? மைத்துனர் கையில் ரொக்கம் தீர்ந்திருந்தது. கூடுதல் நாட்களுக்கு இரண்டு அறை வாடகையும் என் கார்டில்தான் போனது. ஊர் திரும்பியதும் அவருடைய பாதியைக் கேட்டேன்.

“குடும்பத்துக்குள்ள என்ன மாமா கணக்கு?” என்றார்.