வராத கைக்கு முதலில்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை நைட் ஷிஃப்ட் முடிந்த பிறகு கேட்டேன். "பிரஸ்ல விரல் போனவனுக்கு வயசானவங்களக் கழுவிவிடற வேலைதான் மிச்சமா அக்கா?" என்று கேட்டிருக்கிறாய். போனில் பேசினால் நடுவில் ஏதாவது ஓர் அறையில் மணி அடிக்கும், பாதியில் எழுந்து போவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

உன் கோபம் நியாயமானது. ஆலை விபத்துக்கு முன்னால் இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்தவனிடம், "உட்கார்ந்த இடத்து வேலையா ஏதாவது பாத்துக்கப்பா" என்று ஊரே வந்து சொன்னால் யாருக்கும் வலிக்கும். போலியோ வந்த காலோடு வளர்ந்தவள் நான். பாவம் பார்த்துக் கொடுக்கிற வேலை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு நாற்காலி, ஒரு நோட்டு, மாதம் பிறந்தால் சம்பளம். உன்னிடம் யாரும் எதையும் எதிர்பார்க்க மாட்டார்கள். அப்படிப்பட்ட வேலைக்கு நான் உன்னைக் கூப்பிடவில்லை. இங்கே ஓசூரில் எங்கள் முதியோர் இல்லத்துக்கு உன்னைப் போன்ற ஒருவன் தேவைப்படுகிறான்.

ஓசூரை நாம் வாலிபப் பிள்ளைகளின் ஊராகவே பார்த்துப் பழகிவிட்டோம். 1970களில் சிப்காட், 1980இல் அசோக் லேலண்ட், கூடவே டிவிஎஸ், 1987இல் டைட்டன் என்று ஆலைகள் வந்தன. அன்று டிரங்குப் பெட்டியோடு பஸ் நிலையத்தில் இறங்கிய இருபது வயதுக்காரர்கள் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களின் பிள்ளைகள் எலக்ட்ரானிக் சிட்டியிலோ வெளிநாட்டிலோ இருக்கிறார்கள். பெங்களூருவில் இடம் போதாமல், அத்திப்பள்ளி தாண்டி இந்தப் பக்கம் பெற்றோரைக் கொண்டுவந்து வைக்கிற பிள்ளைகளும் உண்டு. 2021ஆம் ஆண்டு மதிப்பீட்டில் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 13.6 பேர் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள். கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு. இந்த ஊரில் மெஷின் பார்க்க ஆட்கள் கேட்டில் காத்து நிற்கிறார்கள். படுத்துவிட்ட மனிதரைப் பார்க்கத் தெரிந்த ஆள் கிடைப்பதுதான் கஷ்டம்.

எங்களிடம் பக்கவாதத்தில் இடது கை விழுந்துவிட்ட பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஆலையில் பலரை வேலை வாங்கியவர். காலையில் சட்டை மாற்றும் நேரம் வந்தாலே சண்டைதான். பிறர் போட்டுவிடுவது அவருக்குப் பிடிக்கவில்லை. தானே போட்டுக்கொள்ளவும் வரவில்லை. அதற்கு ஒரு முறை உண்டு. வராத கையை முதலில் சட்டைக்குள் விட வேண்டும், நல்ல கையை அப்புறம். கழற்றும்போது நல்ல கை முதலில் வெளியே வரும், வராத கை கடைசியில். பொத்தானை அடியிலிருந்து மேலே போட்டுக்கொண்டு வந்தால் ஒரு கையே போதும். பிசியோதெரபிஸ்ட் பொறுமையாகத்தான் சொல்லிக் கொடுத்தார். ஆனால் இரண்டு கையும் நன்றாக இருக்கிறவர் சொல்லும்போது பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தபோது நீ திண்ணையில் உட்கார்ந்து சட்டை மாற்றியதைப் பார்த்தேன். அதே முறைதான். சாப்பிடும்போது தட்டு நகராமல் இருக்க அடியில் ஈரத்துணி விரித்தாய். பேஸ்ட் டியூபை முழங்கால்களுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு மூடியைத் திருகினாய். இதையெல்லாம் உனக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நீயாகக் கற்றது. அந்தப் பெரியவருக்கு இன்று வேண்டிய படிப்பு அதுதான், அதை இந்த இல்லத்தில் சொல்லித்தர எங்களில் யாராலும் முடியவில்லை.

என் கதையும் இதேதான். என் காலில் மாட்டியிருக்கிற காலிப்பரை யாராவது கேட்காமல் தொட்டால் உடம்பு எப்படிக் கூசும் என்பது எனக்குத் தெரியும். அதனால் யாரையும் தொடுவதற்கு முன்னால் வாய்விட்டுச் சொல்வேன்: "அம்மா, இப்ப முழங்காலப் பிடிக்கப் போறேன்." புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு இந்த ஒரு வாக்கியம் பழக்கத்தில் வர மாதக்கணக்கில் ஆகிறது. ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். உடல்குறை இருக்கிற காரணத்தாலேயே ஒருவர் அன்பானவராகிவிடுவதில்லை. அப்படிப் புகழ்கிறவர்களை விட்டு விலகியே இரு. உனக்குத் தெரிந்தது பாதி. படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது, படுக்கைப் புண்ணின் முதல் சிவப்பைக் கண்டுபிடிப்பது, விழுங்கச் சிரமப்படுகிறவருக்கு வெறும் தண்ணீரைவிடக் கெட்டியான கஞ்சி ஏன் பத்திரம் என்று புரிந்துகொள்வது, இதெல்லாம் இங்கே வந்து படிக்க வேண்டிய மீதிப் பாதி.

நமக்கு முன்னாலேயே இப்படி ஒருவர் செய்து காட்டியிருக்கிறார். நம் ஊர் வழியாகப் போகிற பெங்களூரு–சென்னை சாலையில் கிருஷ்ணகிரி தாண்டிப் போனால் வேலூர். அங்கே சிஎம்சி மருத்துவமனையில் மேரி வர்கீஸ் என்றொரு இளம் டாக்டர் இருந்தார். 1954இல் ஒரு சாலை விபத்தில் தண்டுவடம் முறிந்து, அவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லாமல் போயிற்று. டாக்டர் பால் பிராண்ட் அங்கே தொழுநோயில் மடங்கிப்போன கைகளை அறுவை செய்து நிமிர்த்திக்கொண்டிருந்த காலம் அது. கை அறுவையை உட்கார்ந்தே செய்யலாம். மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி அந்த அறுவைகளைச் செய்தார். பிறகு ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்கும், நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்ட் ரஸ்க்கிடமும் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966இல் வேலூரில் மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டது. 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ வந்தது.

விருதுக்காக இதை நான் உனக்குச் சொல்லவில்லை. மரத்திலிருந்தோ கிணற்றிலோ விழுந்து, இனி நடக்க முடியாது என்று கேட்டு உடைந்து கிடந்தவர்களின் படுக்கைக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலியிலேயே ஒரு டாக்டர் வருவதை யோசித்துப் பார். அவர் சொல்வதை அவர்கள் கேட்காமல் இருக்க முடியுமா? இன்னொன்றையும் கவனி. நின்றுகொண்டு செய்ய வேண்டிய அறுவையை எப்படியாவது செய்தே தீருவேன் என்று அவர் அடம்பிடிக்கவில்லை. உட்கார்ந்து செய்யக்கூடிய, அதே அளவு கடினமான வேலையைத் தேர்ந்தெடுத்தார். நீயும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

ஆகவே உன்னால் முடியாததை முதல் நாளே சொல்லிவிடு. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு ஒருவரைத் தனியாகத் தூக்கி மாற்றாதே. இரண்டு கையும் உள்ளவர்களே அதைத் தனியாகச் செய்யக் கூடாது. இடுப்பு போகும், பெரியவர் விழுவார். "நான் செஞ்சிடுவேன் சார்" என்று வீராப்பாக நின்றால் அடிபடுவது உன் மேல் நம்பிக்கை வைத்தவர். நடக்கப் பழகுகிறவருக்குத் துணை போகும்போது அவருடைய பலவீனமான பக்கம் நிற்க வேண்டும். உன் நல்ல கை அவரைப் பிடிக்கிற மாதிரி எந்தப் பக்கம் தோதுப்படும் என்று முன்கூட்டியே யோசித்துக்கொள். தோதுப்படாதவரை வேறு ஆளிடம் விட்டுவிடு.

உன்னிடம் இன்னொரு சொத்து இருக்கிறது, அதை நீ சொத்தாகவே நினைத்ததில்லை. வீட்டில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ், சந்தையில் கன்னடம். மறதி நோய் முற்றும்போது பலருக்குப் பின்னால் கற்ற மொழி முதலில் நழுவிப்போகும். குழந்தைப் பருவத்தில் பேசிய மொழி தங்கும். ஆயுள் முழுக்க ஆங்கிலத்தில் வேலை பார்த்த ஒரு அம்மா எங்களிடம் இப்போது தெலுங்கு மட்டும்தான் பேசுகிறார். தமிழில் "குளிக்கலாமா" என்று கேட்டால் அடிக்க வருகிறார். "ஸ்னானம் சேத்தாமா அம்மா" என்றால் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து வருகிறார். ஓசூரில் பிறந்தவனுக்கு இது தானாக வந்தது. வேறு ஊரில் பணம் கொடுத்தாலும் இப்படி ஆள் கிடைக்காது.

கஷ்டங்களை மறைக்க மாட்டேன். ஆலைச் சம்பளம் இங்கே இல்லை. மலம் அள்ள வேண்டியிருக்கும். மறதியில் சிலர் திட்டுவார்கள், சாதி கேட்பார்கள், உன் கையைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். பழகிய மனிதர் இறந்துபோவார். சாயங்காலமே அந்தக் கட்டிலுக்குப் புது விரிப்பு போட வேண்டும். அது எனக்கு இன்னும் பழகவில்லை. அப்படியும் நான் ஏன் இருக்கிறேன் என்றால், காலையில் நான் வரப் பத்து நிமிடம் தாமதமானாலும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்களுக்கு என் நடையின் சத்தம் தெரியும். தெருவில் சின்ன வயதில் பிள்ளைகள் கேலி செய்த அதே சத்தத்தைக் கேட்டதும் ஒரு பாட்டி, "வந்துட்டா" என்று தலையணையைச் சரிசெய்துகொள்கிறார். எனக்கு அது போதும். உனக்குப் போதுமா என்பதை நீ வந்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

காகித வேலை கொஞ்சம் இருக்கிறது. புது வேலையில் சேர்ந்தால் இஎஸ்ஐ மாதப் பணம் நின்றுவிடும் என்று அம்மா பயப்படுகிறார். நிற்காது. வேலை விபத்தில் வந்த நிரந்தர ஊனத்துக்கான தொகை ஆயுள் முழுக்க வரும். வேறு வேலை பார்ப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒரு கையில் நான்கு விரல்கள் போனால் சம்பாதிக்கும் திறனில் 50 விழுக்காடு இழப்பு என்று சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. மெடிக்கல் போர்டு எழுதிய விழுக்காட்டை எடுத்துச் சரிபார். குறைவாக இருந்தால் மேல்முறையீடு செய்யலாம். மாற்றுத்திறனாளிக்கான யுடிஐடி அட்டைக்கு இன்னும் விண்ணப்பிக்காவிட்டால் கிருஷ்ணகிரி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் போய்க் கேள்.

இன்டர்வியூவில் உன்னைக் கேள்வி கேட்பார்கள், நீயும் கேள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் விதிகளின்படி, இருபது பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற தனியார் நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கையை எழுதி வைத்து, அதைக் கவனிக்க ஓர் அலுவலரையும் நியமிக்க வேண்டும். "அந்தக் கொள்கையக் காட்டுங்க" என்று தயங்காமல் கேள். தூக்கி மாற்ற எத்தனை பேரை விடுகிறார்கள், இரவில் ஒருவர் பொறுப்பில் எத்தனை பேர், பயிற்சி நாட்களுக்குச் சம்பளம் உண்டா, மற்ற கேர்டேக்கர்களுக்குக் கொடுக்கிற அதே சம்பளம்தானா என்று கேள். கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் எழுந்து வந்துவிடு; நான் வேலை பார்க்கிற இடமாயிற்றே என்று பார்க்காதே.

திங்கட்கிழமை காலை டிபன் நேரம் முடிந்த பிறகு வா. அப்போதுதான் அந்தப் பெரியவருக்குச் சட்டை மாற்றுகிற நேரம். அரைக்கைச் சட்டையாகப் போட்டுக்கொண்டு வா, கையை மறைக்காதே.

உன் அக்கா