சாலைக்கும் வானுக்கும் ஒரே கருவியா?

அன்புள்ள தம்பி,

காரிலும் விமானத்திலும் ஒன்றுபோலப் பயன்படும் ஒரு ஜி.பி.எஸ். கருவி வேண்டும், விலையும் கையைக் கடிக்கக் கூடாது, எதை வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். பைலட் படிப்புக்காக வீட்டில் நிலத்தை அடகு வைத்துவிட்டு அனுப்பியிருக்கும்போது ஒவ்வொரு ஆயிரம் ரூபாயையும் எண்ணிப் பார்க்கத்தான் வேண்டும். அம்பாசமுத்திரம், வள்ளியூர், கோவில்பட்டிப் பக்கமிருந்து பறக்கப் போயிருக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் இதே கேள்வி இருக்கும். அதனால்தான் பதிலைப் பொதுவில் எழுதுகிறேன்.

என் பதில் இதுதான். இரண்டுக்கும் ஒன்று என்ற யோசனையை விட்டுவிடு. சாலைக்கு உன் கையில் இருக்கும் செல்போனே போதும். வைத்திருக்கும் பணம் முழுவதையும் வானத்துக்குச் செலவழி. அதையும் இப்போதே செலவழிக்காதே.

ஒரு காலத்தில் இரண்டுக்கும் ஒன்று என்பது நல்ல யோசனையாகத்தான் இருந்தது. கார்மின் நிறுவனத்தின் ஜிபிஎஸ்மேப் 296, 396, 496 மாடல்களும், 2010இல் வந்த ஏரா 500 வரிசையும் அப்படிச் செய்யப்பட்டவையே. விமானத்தில் இருக்கும்போது வான்வெளி எல்லை, ஓடுபாதை, மலை எல்லாம் காட்டும். இறங்கிக் காரில் வைத்து முறையை மாற்றினால் இடப்பக்கம் திரும்பு, வலப்பக்கம் திரும்பு என்று வழி சொல்லும். இன்றைக்கும் அவை பழைய கருவிகளாக விற்பனைக்கு வருகின்றன. விலையைப் பார்த்தால் ஆசை வரும். ஆனால் அவற்றில் இருக்கும் சாலை வரைபடம் எந்த ஆண்டுடையது, அதில் நம் ஊர் இருக்கிறதா என்று பார். தென்காசிச் சாலை நான்குவழியானது அதற்குத் தெரியாது. வாகைக்குளத்தில் இருக்கும் தூத்துக்குடி விமான நிலையத்தின் ஓடுபாதை 1,350 மீட்டரிலிருந்து 3,115 மீட்டராக நீண்டதும், 2025 ஜூலையில் புது முனையம் திறந்ததும் தெரியாது. சாலை பழையதாக இருந்தால் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டுத் திரும்பி வரலாம். வான்வெளித் தகவல் பழையதாக இருந்தால் லைசென்ஸுக்கே ஆபத்து.

வானூர்தித் தகவல்கள் உலகம் முழுவதும் 28 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகின்றன. நீ வாங்கப் போகும் கருவிக்கோ ஆப்புக்கோ இந்தியாவுக்கான டேட்டாபேஸ் இன்றும் விற்கிறார்களா, ஆண்டுச் சந்தா எவ்வளவு என்பதை முதலில் கேள். விற்பவரிடம் கேட்காதே, தயாரித்த நிறுவனத்திடம் கேள். மூன்று ஆண்டுச் சந்தாவைக் கருவியின் விலையோடு கூட்டிப் பார்த்த பிறகுதான் எது மலிவு என்று தெரியும். திரையில் VOTK என்பதைத் தூத்துக்குடியின் குறியீடாகவும், VOMD என்பதை மதுரையாகவும், VOTV என்பதைத் திருவனந்தபுரமாகவும் காட்டாத கருவி உனக்கு எதற்கு?

தலைகீழாகவும் யோசிக்காதே. சாலை ஆப் உள்ள போனை விமானத்தில் வைத்துச் சமாளிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். சாலை ஆப் உன் இடத்தை அருகில் இருக்கும் சாலையோடு ஒட்டப் பார்க்கும். முறப்பநாட்டுக்கு மேலே பறக்கும்போது உன்னைத் தூத்துக்குடி நெடுஞ்சாலையில் இழுத்துக் கட்டிவிடும். கூடங்குளம் அணுமின் நிலையத்தைச் சுற்றிய தடை அதில் இல்லை. விஜயநாராயணத்தில் கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையத்து ஆன்டெனா கம்பங்களில் உயரமானவை 471 மீட்டர், ஏறத்தாழ 1,545 அடி. தாங்கு கம்பிகள் தூரத்திலிருந்து கண்ணுக்கே தெரியாது. கயத்தாறிலிருந்து ஆரல்வாய்மொழி வரைக்கும் காற்றாலைகள் வேறு. அதனால் இத்தகைய இடையூறுகளின் பட்டியல் உள்ளே இருக்கிறதா என்று கேட்டே வாங்கு.

உயரம் பற்றி நம் பகுதிக்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனோடு தூத்துக்குடிக் கடற்கரையில் நின்று, திருத்தம் எதுவும் செய்யாமல் ஜி.பி.எஸ். உயரத்தை அப்படியே காட்டும் ஓர் ஆப்பைத் திறந்து பார். கால் நனைந்துகொண்டிருக்கும். திரையோ கடல் மட்டத்துக்குக் கீழே 90 மீட்டருக்கும் மேல் நீ இருப்பதாகச் சொல்லும். கருவி பழுதில்லை. செயற்கைக்கோள் கணக்கு, பூமியை ஒரு சீரான நீள்கோளமாக வைத்துப் போடப்படுவது. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் ஈர்ப்பு குறைந்த ஒரு பெரும்பகுதி இருக்கிறது. அங்கே கடல் மட்டம் அந்தக் கணக்குக் கோளத்தைவிட நூறு மீட்டருக்கு மேல் தாழ்ந்து கிடக்கிறது, உலகிலேயே மிக ஆழமான தாழ்வு அதுதான். அதன் விளிம்பில் நாம் இருக்கிறோம். நல்ல கருவி இதைக் கழித்துவிட்டுக் காட்டும், மலிவான ஆப்கள் சில கழிப்பதில்லை. 90 மீட்டர் என்பது ஏறக்குறைய 300 அடி. ஓடுபாதையைச் சுற்றி 1,000 அடியில் வரவேண்டிய நீ, திரையில் 700 என்று பார்த்து இன்னும் ஏறினால் யார் பாதையில் போய் நிற்பாய்? எந்தக் கருவி வாங்கினாலும் உயரத்துக்கு கியூ.என்.எச். (அந்த நேரத்துக் கடல்மட்டக் காற்றழுத்தம்) வைத்த ஆல்டிமீட்டரை மட்டும் பார். வாங்கும் முன் கடற்கரைச் சோதனையையும் செய்துவிடு, பைசா செலவில்லை.

கருவிப் பெட்டியின் மேலே எழுதியிருக்கும் பெயர்களைப் பற்றியும் கேட்டிருந்தாய். நம் மகேந்திரகிரியில் சோதித்துப் பார்க்கப்படும் விகாஸ், கிரையோஜெனிக் ராக்கெட் எஞ்சின்களின் உந்துதலில்தான் இந்தியாவின் சொந்த இடங்காட்டி அமைப்பான நாவிக்கின் செயற்கைக்கோள்கள் மேலே போகின்றன. 2023 மே 29 அன்று அந்த வரிசையில் என்.வி.எஸ்.-01 போனபோது எனக்கும் பெருமையாக இருந்தது. ஆனாலும் முன்பு ஏவியவற்றில் பலவற்றின் அணுக்கடிகாரங்கள் பழுதானதால் அந்த அமைப்பு இன்னும் முழுமை பெறவில்லை. நாவிக் இருக்கிறது என்பதற்காக இப்போது கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். நீ தேட வேண்டியது ககன். இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து உருவாக்கியது, ஜி.பி.எஸ். அளவில் வரும் பிழையைத் திருத்தி அனுப்புவது. அமெரிக்கர்களின் வாஸ் அமைப்பும் அதுவும் ஒரே வகைச் சமிக்ஞை. வாஸ் வசதி என்று போட்ட கருவியை வெட்டவெளியில் வைத்து செயற்கைக்கோள் பக்கத்தைத் திற. 127, 128 என்ற எண்களோ, சில கருவிகளில் 40, 41 என்றோ தெரிந்தால் ககனைப் பிடிக்கிறது என்று அர்த்தம். தெரியவில்லையென்றால் அந்தக் கருவியில் நம் நாட்டுத் திருத்தம் கிடைக்காமல் போகலாம்.

அந்தத் திருத்தம் நம் பகுதியில் கூடுதலாகத் தேவைப்படுகிறது. காந்த நடுக்கோடு திருநெல்வேலிக்குப் பக்கத்தில் போகிறது. இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் கிருஷ்ணாபுரத்தில் ஆய்வுக்கூடம் வைத்திருப்பது அதனால்தான். பொழுது சாய்ந்த பிறகு, குறிப்பாக மார்ச், செப்டம்பரை ஒட்டிய மாதங்களில், நமக்கு மேலே உள்ள அயனி மண்டலம் கொதித்துக் கலங்கும். அந்த நேரத்தில் செயற்கைக்கோள் சமிக்ஞை துடித்து அறுபடும். கண்பார்வை விதியில் பறப்பவர்கள் சூரியன் மறைந்த பிறகு பொதுவாகப் பறக்கக் கூடாது என்பது நம் நாட்டு விதி. அதனால் உனக்கு நேரடித் தொல்லை குறைவு. ஆனாலும் பொழுது சாயும் நேரத்தில் திரையில் இடம் குதித்தால் கருவியைக் குறை சொல்லிக்கொண்டிருக்காதே, வெளியே பார்.

வெளியே பார்க்கத் தாமிரபரணிப் பள்ளத்தாக்கைப்போல எளிதான நிலம் தமிழ்நாட்டில் குறைவு. மேற்கே பொதிகை 1,868 மீட்டருக்கு நிற்கிறது. அங்கிருந்து புன்னைக்காயல் வரை ஆறு, ஆற்றில் எட்டு அணைக்கட்டு, இரு கரையிலும் பச்சை வயல். மருதூரையும் ஸ்ரீவைகுண்டத்தையும் மேலிருந்து ஒருமுறை அடையாளம் கண்டவன் மறக்க மாட்டான். குளங்களை மட்டும் நம்பாதே. சார்ட்டில் நீலமாகக் கிடக்கும் குளம் மே மாதத்தில் ஆடு மேயும் தரையாகக் கிடக்கும். முதலில் காம்பஸ், கடிகாரம், பென்சில் வைத்து இடத்தைக் கணிக்கும் டெட் ரெக்கனிங்கில் கை பழக வேண்டும். கிராஸ் கன்ட்ரி பயிற்சி முடியும் வரை கருவி வாங்காதே என்று சொல்வதற்கு இதுதான் காரணம். பயிற்சி விமானங்கள் பலவற்றில் வரைபடம் காட்டும் கார்மின் ஜி1000 திரை ஏற்கெனவே இருக்கிறது. அது போதாதென்று மடியில் இன்னொன்றை வைத்தால் கண் உள்ளேயே நின்றுவிடும். உன் பள்ளியில் சொந்தக் கருவியை விமானத்தில் அனுமதிக்கிறார்களா என்றும் இன்ஸ்ட்ரக்டரிடம் கேட்டுக்கொள்.

பிறகு வாங்கும்போது, நடுத்தர வீட்டுப் பையனுக்கு நான் சொல்வது ஒரு ஐபேட் மினி, ஒரு நல்ல வானூர்தி ஆப், கூடவே அச்சிட்ட சார்ட். புது ஏரா 760 லட்சத்தைத் தாண்டும், அதற்கு அவசரமில்லை. ஐபேடில் சிம் போடும் வகையை மட்டும் வாங்கு. வைஃபை மட்டும் உள்ள வகையில் ஜி.பி.எஸ். சில்லே கிடையாது. கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார். சிம் போடாமலே அது வேலை செய்யும். பழையது வாங்கினாலும் தப்பில்லை. ஆனால் நம் வெயிலை நினைத்துக்கொள். இயங்கும்போது சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது ஆப்பிள் சொல்லும் அளவு. பாளையங்கோட்டையில் ஏப்ரல் மாதத்துப் பத்து மணி வெயிலில், கண்ணாடிக்கு அடியில் வைத்த ஐபேட் சற்று நேரத்தில் வெப்ப எச்சரிக்கை காட்டி அணைந்துவிடும். கண்ணாடியோடு ஒட்டாமல் முழங்காலில் கட்டிக்கொள். பின்பக்கம் காற்றுப் படட்டும்.

காரில் ஒட்டியிருக்கும், போன் வைக்கும் காந்தப் பிடிப்பான்மேல் உனக்கு ஆசை உண்டு என்று தெரியும். அதை விமானத்துக்குள் கொண்டு போகாதே. காம்பஸிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தாலும் முள் நகர்வதை நீயே பார்க்கலாம். சின்னக் காந்தம் பத்து டிகிரி இழுத்தால் அறுபது கடல் மைலில் பத்து மைல் விலகிப் போவாய். அந்தப் பத்து மைல் மலைப்பக்கமாக இருந்தால்?

பழைய கருவி வாங்குவதென்றால் ஆன் செய்தவுடன் தேதியைப் பார். 2019 ஏப்ரல் 6ஆம் தேதி ஜி.பி.எஸ். வார எண்ணிக்கை முழுச்சுற்று முடித்துப் பூஜ்யத்துக்குத் திரும்பியது. மென்பொருள் புதுப்பிக்காத கருவிகள் சில அதனால் பத்தொன்பது ஆண்டுக்கும் மேல் பின்தங்கிய தேதியைக் காட்டுகின்றன. அப்படிக் காட்டினால் பணத்தைத் திரும்பப் பையில் போடு. பின்மூடி உப்பியிருந்தாலும் அதேதான். பாட்டரி பெருத்த கருவியை விமானத்துக்குள் ஏற்றவே கூடாது.

வாங்கியதும் முதல் வேலையாக இட எண்களை எந்த வடிவில் கேட்கிறது என்று பார். திருநெல்வேலி 8 பாகை 44 கலை வடக்கு, 77 பாகை 41 கலை கிழக்கு. அதைத் தசம வடிவம் கேட்கும் பெட்டியில் 8.44, 77.41 என்று அடித்தால் ஊரிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்கு மேல் தென்மேற்கே, களக்காட்டு மலைக்குள் கொண்டுபோய்விடும். சரியான எண் 8.73, 77.68. தென்மேற்குப் பருவக்காற்று கணவாய்களில் அடித்து வரும் ஜூலையில், மலைக்கு இந்தப்பக்கம் சின்ன விமானம் எப்படித் தூக்கிப் போடும் என்று உன் இன்ஸ்ட்ரக்டர் சொல்வார். மேப் டேட்டம், அதாவது இட எண்களுக்கு அடிப்படையான பூமிக் கணக்கு, WGS-84 என்று இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடு.

சாலைக்கு வருவோம். போன் போதும் என்றேன், ஒரு நிபந்தனையோடு. திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி மூன்று மாவட்டத்து வரைபடத்தையும் போனுக்குள் இறக்கி வை. மணிமுத்தாறு செக்போஸ்ட் தாண்டி மாஞ்சோலைக்கு ஏறினால் சிக்னல் இருக்காது. ஜி.பி.எஸ்.ஸுக்கு சிக்னல் டவர் தேவையில்லை, வரைபடத்துக்குத்தான் தேவை. 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. டவர்கள் செத்தன. விமானப்படை ஹெலிகாப்டர்கள் மேலிருந்து உணவு போட்டன. அந்த நாட்களில் இறக்கி வைத்த வரைபடம் இருந்தவர்களுக்குத் தாங்கள் எங்கே நிற்கிறோம் என்பதாவது தெரிந்தது. எந்தப் பாலம் அறுந்தது என்பதை எந்தக் கருவியும் சொல்லவில்லை, ஊர்க்காரர்கள்தான் சொன்னார்கள்.

கடைசியாக, துபாயிலிருந்து வரும் உன் சித்தப்பா மலிவாக ஒன்று வாங்கி வருவதாகச் சொன்னாய். அதில் கவனம் வேண்டும். கார்மின் இன்ரீச் போன்ற, செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவிகளையும் துரையா, இரிடியம் போன்களையும் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுவர முடியாது. விமான நிலையத்தில் கருவி பறிமுதலாகி, வைத்திருந்தவர்கள் கைதான நிகழ்வுகள் உண்டு. வெறும் ஜி.பி.எஸ். கருவி வேறு, அது வேறு. கடையில் இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், இரண்டிலும் ஜி.பி.எஸ். என்றுதான் எழுதியிருக்கும். சித்தப்பாவிடம் மாடல் பெயரை எழுத்தில் வாங்கி எனக்கு அனுப்பு. நான் பார்த்துச் சொல்லும் வரை அவர் பணம் கட்ட வேண்டாம்.

அன்புடன்,
உன் அண்ணாச்சி