முதல் ஓய்வு குதிரைக்கு

அன்புள்ள கயலுக்கு,

சித்தப்பா எழுதிக்கொள்வது. போன வாரம் தாத்தாவுக்கு மாத்திரை வாங்க வரிசையில் நின்றபோது, "பட்டாளத்துலேர்ந்து வந்தவங்களுக்கு மட்டும் எதுக்கு சித்தப்பா தனி ஆஸ்பத்திரி?" என்று கேட்டாய். அதற்குள் டோக்கன் நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள். விட்ட இடத்திலிருந்து சொல்கிறேன். கொஞ்சம் தூரம் போக வேண்டும், அமெரிக்கா வரைக்கும்.

தெற்கு டகோட்டா மாநிலத்தில் ஸ்டர்ஜிஸ் என்று ஒரு சின்ன ஊர். அதன் பக்கத்தில் இருக்கிறது ஃபோர்ட் மீட். கோட்டை என்றதும் செஞ்சி மாதிரி மதிலும் அகழியும் நினைத்துக்கொள்ளாதே. நடுவே அணிவகுப்பு மைதானம். சுற்றிலும் சிப்பாய்களின் குடியிருப்பு, அதிகாரிகளின் வீடுகள், குதிரை லாயம். அவ்வளவுதான்.

அதை ஏன் கட்டினார்கள் என்பது அவ்வளவு அழகான கதை இல்லை. அங்கே பிளாக் ஹில்ஸ் என்ற மலைத்தொடர். அது லக்கோட்டா என்ற பழங்குடி மக்களுக்கே உரியது என்று 1868-இல் அமெரிக்க அரசு ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தது. 1874-இல் கஸ்டர் என்ற தளபதி படையோடு உள்ளே போனார், தங்கம் தென்பட்டது. அப்புறம் ஒப்பந்தமாவது ஒன்றாவது! தங்கம் தோண்ட வந்தவர்கள் மொய்த்தார்கள். 1877-இல் சட்டம் போட்டே மலையை எடுத்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு, குடியேறியவர்களுக்குக் காவலாக இந்தப் படைமுகாம் எழுந்தது.

இதற்கு நடுவில், 1876 ஜூன் 25 அன்று, லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் லக்கோட்டாக்களும் ஷையென் என்ற இன்னொரு பழங்குடியினரும் சேர்ந்து கஸ்டரையும் அவரோடு நின்ற இருநூற்றுச் சொச்சம் பேரையும் ஒருவர் விடாமல் வீழ்த்தினார்கள். கஸ்டரின் ஏழாம் குதிரைப்படையில் மிஞ்சியவர்கள்தான் பின்னாளில் ஃபோர்ட் மீடுக்கு வந்து சேர்ந்தார்கள். வந்தவர்களில் இரண்டு பேரைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். ஒருவர் மேஜர் ரீனோ. இன்னொன்று கமாஞ்சி என்ற குதிரை. (கமாஞ்சி என்பதும் ஒரு பழங்குடியின் பெயர்தான். அந்த மக்களோடும் சண்டை போட்ட படை இது. பெயர் மட்டும் குதிரைக்குப் பிடித்துப்போயிருக்கிறது!)

சண்டை முடிந்து இரண்டு நாள் கழித்து, உடம்பெல்லாம் காயத்தோடு கமாஞ்சி அகப்பட்டது. பிழைத்த ஒரே உயிர் அதுதான் என்று கதை கட்டிவிட்டார்கள். உண்மையில் வேறு குதிரைகளும் பிழைத்தன; ஜெயித்தவர்கள் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கமாஞ்சியைப் பார்த்துப் பார்த்துத் தேற்றினார்கள். 1878 ஏப்ரலில் படையின் கர்னல் ஸ்டர்ஜிஸ் ஓர் உத்தரவு போட்டார்: இனி இதன் மேல் எவரும் ஏறக்கூடாது, எந்த வேலையும் வாங்கக்கூடாது, லாயத்தில் வசதியாக வைத்துக்கொள்ள வேண்டும். சடங்கு நாட்களில் சேணம் பூட்டி, கறுப்புத் துணி போர்த்தி, ஆளில்லாமல் நடத்தி வருவார்கள். அந்தக் கர்னலின் மகனும் அதே சண்டையில் இறந்தவன். உத்தரவில் கையெழுத்துப் போட்ட கை ஒரு தகப்பனின் கை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மேஜர் ரீனோவும் அதே களத்தில், வேறொரு குன்றின் மேல் நின்று சண்டை போட்டுப் பிழைத்தவர். அவர்மேல் கோழை என்ற பேச்சு எழுந்தது, குடியும் சேர்ந்துகொண்டது. ஃபோர்ட் மீடில் ஓர் இரவு, கர்னலின் மகள் இருந்த அறையின் ஜன்னலில் எட்டிப் பார்த்தார் என்று 1879-இல் ராணுவ விசாரணை. 1880-இல் வேலை போயிற்று. செய்தது தப்புதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் சண்டையிலிருந்து திரும்பியவனுக்குள் என்ன நடக்கிறது என்று அன்றைக்குக் கேட்க யாருமில்லை. 1967-இல்தான் அவர் வழக்கை மறுபடி பார்த்துக் களங்கத்தை நீக்கினார்கள். அவர் இறந்து எழுபத்தெட்டு வருஷம் ஆகியிருந்தது.

ஆக, அந்தப் படையில் குதிரைக்கு 1878-லேயே ஓய்வும் கவனிப்பும் கிடைத்துவிட்டன. மனிதனுக்கு அந்த இடத்தில் அவை கிடைக்க 1944 ஆயிற்று. அதற்குள் குதிரைப்படைக்கே வேலை இல்லாமல் போய்விட்டது. ராணுவம் காலி செய்ய, முன்னாள் படைவீரர் துறை அதை ஆஸ்பத்திரியாக்கியது. அரிசோனாவில் ஃபோர்ட் விப்பிள், வயோமிங்கில் ஃபோர்ட் மெக்கன்சி என்று இப்படி மாறியவை இன்னும் உண்டு. காரணம் ரொம்பச் சாதாரணம். போரில் காயம்பட்டவர்கள் லட்சக்கணக்கில் திரும்புகிறார்கள்; முகாமில் கட்டிடமும் தண்ணீரும் சாலையும் ஏற்கெனவே இருக்கின்றன; இடமும் அரசாங்கத்துடையது.

அரசாங்கத்து இடம் என்று நான் எழுதுவதை லக்கோட்டாக்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். மலையை எடுத்ததற்குப் பத்துக் கோடி டாலருக்கு மேல் இழப்பீடு தர வேண்டும் என்று 1980-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. பணம் வேண்டாம், மலைதான் வேண்டும் என்று இன்றுவரை அதைத் தொடாமல் வைத்திருக்கிறார்கள். அதே லக்கோட்டாக் குடும்பங்களின் பிள்ளைகள் அமெரிக்கப் பட்டாளத்திலும் சேர்ந்தார்கள். ஓய்வு பெற்றவர்கள் இப்போது அந்த ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள், தாத்தா மாதிரியே அட்டையை நீட்டிக்கொண்டு. சில மைல் தள்ளி அவர்கள் கும்பிடும் பேர் பியூட் மலை நிற்கிறது. நம் ஊர்க் கோயில் மரத்தில் தொட்டில் கட்டுகிற மாதிரி, அங்கேயும் மரக்கிளைகளில் வண்ணத் துணி முடிந்து வேண்டிக்கொள்வார்கள்.

தாத்தாவின் அடுத்த செக்கப் 14-ஆம் தேதி. நீயும் வா.

அன்புடன்,
சித்தப்பா