கையெழுத்துப் போட முடியாதவருக்கும் வழக்கு உண்டு

திண்டுக்கல்லிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் பெரிய ரோடுதான். வேடசந்தூர் பக்கம் மில் ஷிப்டுக்குப் போகிறவர்கள், ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு விடியுமுன் காய் ஏற்றிப் போகிறவர்கள், பழனிக்குப் பாதயாத்திரை நடப்பவர்கள் என்று எந்நேரமும் ஆள் நடமாட்டம். விபத்துக்கும் குறைவில்லை. ஒருவர் இறந்துவிட்டால் குடும்பம் என்ன செய்யலாம் என்று தெருவில் யாராவது சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். தலையில் அடிபட்டு, கண் திறந்தும் பெண்டாட்டி பிள்ளையை அடையாளம் தெரியாமல் கிடப்பவருக்கு யார் வழக்குப் போடுவது என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அதில் பாதிக்கு மேல் தவறு. அந்தத் தவறுக்கு விலை கொடுப்பவர் படுக்கையில் கிடப்பவர்.

"விரல் ரேகை வாங்கி ஒரு பவர் பத்திரம் எழுதிக்கொண்டால் போதும்" என்பது இவற்றில் மிக மோசமானது. கட்டிலோரம் ஸ்டாம்ப் பேடைக் கொண்டுவந்து, துவண்டு கிடக்கும் கையைத் தூக்கி, பெருவிரலை மையில் தோய்த்து பத்திரத்தில் உருட்டுவார்கள். செய்பவர்களுக்குக் கெட்ட எண்ணம் இருப்பதில்லை, அவசரம்தான். ஆனால் தான் எதைக் கொடுக்கிறோம் என்று அறியாதவர் கொடுக்கும் அதிகாரம் செல்லாது. நல்லபடியாக இருந்த காலத்தில் எழுதிக்கொடுத்த பவர்கூட, அவர் புத்தி சுவாதீனம் இழந்ததும் முடிந்துவிடும். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆவது பிரிவு அதைத்தான் சொல்கிறது. அப்படி வாங்கிய ரேகையை நம்பி நடத்தும் வழக்கை எதிர்த்தரப்பு ஒரே குறுக்கு விசாரணையில் ஆட்டம் காணவைக்கலாம்.

நேரான வழி இருக்கிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 32-ஆவது கட்டளை மைனருக்காக வேறொருவர் வழக்கு நடத்தும் முறையை வகுக்கிறது. அதன் 15-ஆவது விதி, மனநிலையால் தன் நலனைக் காத்துக்கொள்ள முடியாதவர்களுக்கும் அதே முறையைப் பொருத்துகிறது. பிராதுடன் கூடவே, "என்னைக் கார்டியனாக நியமிக்க வேண்டும்" என்று தனி மனு போட வேண்டும். வழக்கின் முதல் பக்கத்தில் மனுதாரர் என்று அடிபட்டவரின் பெயரே நிற்கும். அதன்கீழ் "அவருக்காக மனைவியும் கார்டியனுமான இன்னார்" என்று வரும். வழக்கு அவருடையது, நடத்துபவர்தான் வேறு.

டாக்டர் சர்ட்டிபிகேட்டை நீட்டியதும் முத்திரை குத்திவிடுவார்கள் என்றும் நினைக்கக் கூடாது. நீதிமன்றம் விசாரித்து முடிவு செய்ய வேண்டும். ஆளைக் கூட்டிவர முடிந்தால் நீதிபதி நேரடியாகவே கேட்கலாம்: உங்கள் பேர் என்ன, கூட வந்திருப்பது யார், காலையில் என்ன சாப்பிட்டீர்கள், நூறு ரூபாய் கொடுத்து முப்பது ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் மீதி எவ்வளவு. இந்தக் கேள்விகள் அவமதிப்பு என்று சில குடும்பங்கள் வருந்துகின்றன. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சொத்துக்காக நல்ல மனிதரைப் பைத்தியம் என்று எழுதிவைக்கும் உறவுகளும் உண்டு. அவர்களிடமிருந்து காப்பதும் இந்த விசாரணைதான். பக்கவாதத்தில் படுத்திருந்தாலும் அறிவு தெளிவாக இருப்பவருக்குக் கார்டியன் தேவையே இல்லை. நீதிமன்றம் ஒரு கமிஷனரை வீட்டுக்கே அனுப்பி அவர் சாட்சியத்தைப் பதிவு செய்யச் சட்டத்தில் இடமுண்டு. காது கேளாதவர், கண் தெரியாதவர் என்பதற்காகவும் கார்டியன் தேவையில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கு மற்றவர்களுக்குச் சமமான சட்டத் தகுதி உண்டென்று 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு சொல்கிறது.

"பெத்த அப்பன் நான், என்னைத் தவிர யார் கார்டியன்?" என்ற கேள்வியும் அடிக்கடி எழும். நீதிமன்றம் பார்ப்பது ரத்த உறவை மட்டுமல்ல. கார்டியனாக நிற்பவரின் நலனும் அந்தப் பிள்ளையின் நலனும் மோதக் கூடாது. அப்பா ஓட்டிய பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்த பிள்ளைக்கு அடி, அப்பா மேலும் தவறு இருக்கிறது என்றால், அம்மாவோ தாத்தாவோ நிற்பதுதான் முறை. பாகப்பிரிவினை வழக்கில் பிரதிவாதியாக இருக்கும் சித்தப்பா, அதே வழக்கில் வாதியான மைனருக்காக நிற்க முடியாது. அப்பா உயிரோடு இருக்கும்போது அம்மா கார்டியன் ஆக முடியாது என்ற பேச்சும் பழங்கதை. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில் 1999-ல் உச்ச நீதிமன்றம் அதற்கு முடிவு கட்டியது.

சமாதானம் பேசும் இடத்தில்தான் பெரிய இழப்பு நடக்கிறது. "கிடைச்சதை வாங்கிட்டு லோக் அதாலத்தில் முடிச்சிடுவோம், கார்டியன் கையெழுத்துப் போட்டால் போதாதா?" போதாது. நீதிமன்ற அனுமதியில்லாமல் கார்டியன் ராஜி ஆக முடியாது. அந்த ராஜி மைனருக்கு நன்மைதான் என்று வக்கீலும் சான்று தர வேண்டும். மீறிச் செய்த ராஜியைப் பிற்பாடு ரத்துசெய்ய முடியும். இந்தக் கட்டுப்பாடு ஏன் என்பதற்கு ஒரு வழக்கே போதும். ஹரியானாவில் 2007-ல் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி விபத்தில் மூளை சிதைந்து, கைக்குழந்தையின் அறிவு மட்டத்துக்குப் போய்விட்டாள். விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் கொடுத்தது சுமார் 11 லட்சம். உயர் நீதிமன்றம் சுமார் 26 லட்சம் ஆக்கியது. 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை 62 லட்சத்துக்கு மேல் உயர்த்தியது. அதில் 21 லட்சத்து 60 ஆயிரம், அவளைப் பார்த்துக்கொள்ள இரண்டு ஆட்களுக்கான சம்பளக் கணக்கு. பெற்ற தாய் பார்த்துக்கொள்வதுதானே என்று நாம் கணக்கில் சேர்க்காமல் விடும் அந்த உழைப்பு, உச்ச நீதிமன்றக் கணக்கில் இழப்பீட்டின் மூன்றில் ஒரு பங்கு. முதல் தொகையிலேயே சரி என்று கையெழுத்துப் போட்டிருந்தால்?

வந்த பணமும் கார்டியன் பணமல்ல. மைனர் பங்கு வங்கியில் நிரந்தர வைப்பாகப் போகும், வேண்டியபோது நீதிமன்றத்தைக் கேட்டு எடுக்கலாம். தங்கை கல்யாணத்துக்கு, வீட்டுக் கூரைக்கு என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. கோபம் வரும், ஆனால் அந்தப் பிள்ளைக்கு அறுபது வயதிலும் மாத்திரை வேண்டியிருக்கும்.

பதினெட்டு வயது முடிந்த அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைக்குப் பெற்றோரே தானாகக் கார்டியனாகத் தொடர்வார்கள் என்பதும் தவறு. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு சட்டப்பூர்வக் காப்பாளரை நியமிக்கும். ஆட்சியர் அலுவலக வளாகத்தில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். நியமனமான ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும், பிறகு ஆண்டுதோறும் கணக்கும் கொடுக்க வேண்டும்.

கோமாவில் இருப்பவர் இந்த நான்கிலும் வரமாட்டார். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் தரும் பிரதிநிதியும் சிகிச்சைக்குத்தான், சொத்துக்கு அல்ல. அந்த இடைவெளியில் மாட்டிய ஒரு மனைவிக்கு 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் கை கொடுத்தது. கணவரின் சொத்தை விற்க அனுமதித்து, 50 லட்சத்தைக் கணவர் பெயரிலேயே வைப்பாகப் போடச் சொன்னது. நம் பக்கத்து மனுக்கள் மதுரைக் கிளைக்குப் போகும்.

"ஆள் எழுந்திரிக்கட்டும், மெதுவாகப் போடலாம்" என்பது ஆபத்தான ஆறுதல். சாதாரண சிவில் வழக்கில் மைனருக்கும் புத்தி சுவாதீனம் இல்லாதவருக்கும் காலக்கெடுச் சலுகை உண்டு. விபத்து மனுவுக்கு அதை நம்பி உட்காராதீர்கள். 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் ஆறு மாதக் கெடு வைக்கிறது.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால், பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போகலாம், 15100-க்கும் பேசலாம். எப்.ஐ.ஆர். நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டுகள், அடிபட்டவர், கார்டியன் இருவரின் ஆதார், உறவைக் காட்டும் குடும்ப அட்டை இவற்றை எடுத்துக்கொண்டு போங்கள். ஆஸ்பத்திரி பில்களை ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பில்லில் உள்ள எழுத்து சீக்கிரம் மங்கிவிடும்.