நெல் மானியம் யார் கைக்குப் போகிறது?

நெடுஞ்சாலையில் கெடாவைக் கடக்கும்போது இருபுறமும் விரியும் நெல்வயல்களை நம்மில் பலர் பேருந்து சன்னல் வழியே பார்த்திருப்போம். தோட்டப்புறத்தில் வளர்ந்த எனக்கு ரப்பரும் செம்பனையும் தெரிந்த அளவுக்கு நெல் தெரியாது. தமிழ்ப்பள்ளியை முடித்துத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற பிறகே, உடன் படித்த மலாய்த் தோழி ஒருத்தியால் அது அறிமுகமானது. அவளுடைய தந்தை ஐந்து ரெலோங் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிரிடுபவர். ஒரு ரெலோங் என்பது முக்கால் ஏக்கருக்கும் சற்றுக் குறைவு.

நெல்லுக்கு அரசாங்கம் தரும் உதவிகளில் இரண்டு முக்கியமானவை. 1979இல் தொடங்கிய உர மானியம் நிலப்பரப்பைப் பார்த்துக் கொடுக்கப்படுவது. விலை மானியமோ விற்ற நெல்லின் எடையைப் பார்த்துக் கொடுக்கப்படுவது. என் கட்டுரை இரண்டாவதைப் பற்றியது.

இந்த மானியத்திற்கு ஒரு போராட்ட வரலாறு உண்டு என்பது எனக்கு வியப்பாக இருந்தது. முதலில் பிக்குலுக்கு 2 ரிங்கிட் என்று அறிவித்த அரசாங்கம், அதை ரொக்கமாகத் தராமல் கட்டாயச் சேமிப்பாகக் கூப்பனில் தந்தது. கையில் காசில்லாத உழவருக்குக் கூப்பன் எதற்கு? 1980 ஜனவரி 23ஆம் நாள் பல்லாயிரம் உழவர்கள் அலோர் ஸ்டாரில் திரண்டனர். கூப்பனை நீக்க வேண்டும், பிக்குலுக்கு 10 ரிங்கிட் வேண்டும் என்பன அவர்களின் கோரிக்கைகள். கைதுகள் நடந்தன. ஆனாலும் அதே ஆண்டிலேயே 10 ரிங்கிட் மானியம் ரொக்கமாக வந்தது. 1990இல் அது டன்னுக்கு 248.10 ரிங்கிட்டாக உயர்ந்து, இருபது ஆண்டுகளுக்கு மேல் அசையாமல் நின்றது. 2024இல் 360 ரிங்கிட்டிலிருந்து 500 ரிங்கிட்டானது.

தொகை கூடியது நல்ல செய்திதான். ஆனால் எடைக்கு ஏற்ப வழங்கும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். 5 டன் விற்பவருக்கு 2,500 ரிங்கிட். 50 டன் விற்பவருக்கு 25,000 ரிங்கிட். ஏழை உழவருக்கு உதவி என்ற பெயரில் வரும் பணத்தில் பெரும்பங்கு பெரிய உழவருக்கே போய்ச் சேர்கிறது. விளைச்சலைப் பெருக்குவதுதான் நோக்கம் என்றால் இதைக் குறை சொல்ல முடியாது. வறுமையைக் குறைப்பதும் நோக்கம் என்றால், அளவுகோல் தவறு என்றே எனக்குப் படுகிறது.

இன்னொரு சிக்கல் ஆலையின் எடை மேடையில் இருக்கிறது. ஈரம், பதர், தூசி ஆகியவற்றுக்காக எடையில் ஒரு விழுக்காட்டைக் கழிப்பார்கள். இதை மலாயில் 'பொத்தோங்கான்' என்பார்கள். கழித்தது போக மிஞ்சும் எடைக்கே விலையும் மானியமும். 6 டன் நெல்லில் 20 விழுக்காடு கழித்தால் 4.8 டன். கழிவு ஒரே ஒரு விழுக்காடு கூடினாலும் 60 கிலோ போய்விடும். 2025 பிப்ரவரியில் நிர்ணயித்த டன்னுக்கு 1,500 ரிங்கிட் என்ற அடிப்படை விலையில் அது 90 ரிங்கிட், மானியத்தில் 30 ரிங்கிட், ஆக 120 ரிங்கிட் இழப்பு. சிறு உழவருக்கு இது ஒரு வாரத்து மளிகைச் செலவு.

சென்ற ஆண்டு அறுவடைக் காலத்தில் தோழியின் வீட்டுக்குப் போயிருந்தேன். "பாக்சிக், மானியம் கூடியதே, இப்போது பரவாயில்லையா?" என்று மலாயில் கேட்டேன். அவர் சிரித்தார். மானியம் கூடிய செய்தி நாளிதழில் வந்த அடுத்த பருவமே நில உரிமையாளர் ரெலோங்குக்கு இவ்வளவு என்று குத்தகையை உயர்த்திக் கேட்டாராம். அதையும் விதைப்புக்கு முன்பே ரொக்கமாகக் கட்ட வேண்டும். மானியமோ அறுவடை முடிந்து, நெல்லை விற்ற ரசீதைக் காட்டிய பிறகுதான் வரும்.

இதை எங்கள் பொருளியல் விரிவுரையில் ஒரு வரைபடமாகப் பார்த்திருக்கிறேன். நிலத்தின் அளவு கூடாதபோது, அதில் கிடைக்கும் வருமானம் உயர்ந்தால் குத்தகையும் உயரும். தேர்வில் அதற்கு நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். பாக்சிக் அதைப் படிக்காமலேயே விளக்கிவிட்டார்.

கிளம்பும் முன் பிஸ்கட் டின் ஒன்றைத் திறந்து, பருவம் பருவமாக ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய ஆலை ரசீதுகளைக் காட்டினார். ஒவ்வொன்றிலும் கழிவு விழுக்காட்டை மட்டும் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார்.