பூவை முதலில் வரை

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

ஆயில் பெயிண்டிங் முடிவதற்குள் ஜாடியிலுள்ள ரோஜா வாடிவிடுகிறது, போட்டோவைப் பார்த்தே வரையட்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம் என்றே சொல்வேன்.

ஆம்ஸ்டர்டாமில் வாழ்ந்த யான் வான் ஹைசம் (1682–1749) பூ ஓவியங்களுக்கே பேர்போனவர். லண்டன் நேஷனல் கேலரியில் உள்ள அவருடைய சுடுமண் ஜாடிப் பூக்கள் ஓவியத்தில் 1736, 1737 என இரண்டு ஆண்டுகள் எழுதப்பட்டிருக்கின்றன. வசந்தத்தில் மலர்வதும் கோடையில் மலர்வதும் ஒரே ஜாடியில் இருக்க வேண்டுமானால், அந்தந்தப் பருவம் வரும்வரை காத்திருக்கத்தானே வேண்டும்? 1742இல் ஓர் ஓவியம் தாமதமானதற்கு, மஞ்சள் ரோஜா கிடைக்காததையே காரணமாகக் கடிதத்தில் எழுதினார் அவர்.

அப்படிக் காத்திருக்க ஆயில் வண்ணம் இடம் கொடுக்கிறது. ஆளிவிதை எண்ணெய் தண்ணீரைப் போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்ஸிஜனை உள்வாங்கி மெல்ல இறுகுகிறது. ஈரம் இருக்கும்வரை இதழின் வெளிச்சத்தையும் நிழலையும் கோடு தெரியாமல் இழைக்கலாம். காய்ந்தபின் அதன்மேல் மெல்லிய வண்ணம் பூசி ஆழம் கூட்டலாம். ஒன்றை மறக்காதே: அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேற்பூச்சில் அதிகமாகவும் இருக்கட்டும். மாற்றிச் செய்தால் நாளடைவில் வெடிப்பு விழும்.

இதழ்மேல் நிற்கும் ஒரு நீர்த்துளியை உற்றுப் பார். வெளிச்சம் விழும் பக்கத்தில் ஊசிமுனையளவு வெள்ளைப் புள்ளி. அதைச் சுற்றித் துளி இருண்டிருக்கும். எதிர்ப்பக்கம்தான் உள்ளிருந்து ஒளிரும். நாம் நினைப்பதற்கு நேர்மாறு! தலையைச் சற்று அசைத்தால் அந்தப் புள்ளியும் நகரும். போட்டோவில் அது நகராது. அதனால் துளியின் உருட்சி கைக்குப் பிடிபடாது.

வண்ணம் வாங்கும்போதும் நிதானம் வேண்டும். பழைய டச்சு ஓவியங்கள் பலவற்றில் இலைகள் இன்று நீலமாகத் தெரிகின்றன. பச்சைக்காகச் சேர்த்த தாவர மஞ்சள் வெளிச்சத்தில் வெளுத்துப்போக, நீலம் மட்டும் தங்கிவிட்டது. வெளிச்சத்தைத் தாங்கும் வண்ணமா என்று ட்யூபில் பார்த்து வாங்கு.

இனி ஜாடி, மேசை, பின்னணியில் நேரத்தைச் செலவிடாதே. அவை எங்கும் போய்விடாது. காலையில் பூத்த ஒரே ஒரு ரோஜாவை எடுத்து, அன்றைக்குள் அதை மட்டும் வரைந்து முடி. அடுத்த பூவுக்கு இடம் விட்டு வை. அது பூக்கும் நாளில் மறுபடி தூரிகையை எடு. மெதுவாக வளரும் ஓவியம் உன் கண்ணையும் சேர்த்து வளர்க்கும்.

அன்புடன்,
அத்தை